வெர்டிகல் ஆன்டெனாவின் பாதி தரையில் கிடக்கிறது

எடுத்துச் சென்று நிறுத்தக்கூடிய வெர்டிகல் ஆன்டெனாவைப் பற்றி ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் மேலே நிற்கும் கம்பியைப் பற்றிய கேள்விகளாகவே இருக்கின்றன. எத்தனை மீட்டர் நீளம், எங்கே வாங்கினீர்கள், என்ன விலை, எத்தனை பேண்டில் (அலைவரிசைப் பகுதியில்) வேலை செய்யும் என்று கேட்பார்கள். தரையில் என்ன விரித்தீர்கள், எப்படிப்பட்ட தரையில் நிறுத்தினீர்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. இந்த வகை ஆன்டெனாவின் தரத்தை முடிவு செய்வதோ அந்தக் கேட்கப்படாத பகுதிதான். ஆகவே நான் பயன்படுத்தும் அமைப்பை விவரிக்கும் இந்தப் பதிவில், கம்பியைப் பற்றிச் சுருக்கமாகவும் தரையைப் பற்றி விரிவாகவும் எழுதப் போகிறேன்.

என் ஆன்டெனாவின் மேற்பகுதி மிக எளிமையானது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களாலான டெலஸ்கோப்பிக் விப் ஒன்று, முழுவதும் நீட்டினால் 5.2 மீட்டர் உயரம் வரும். அதன் அடியில் ஒரு லோடிங் காயில் (விப்பின் நீளக்குறையை ஈடுகட்டும் கம்பிச்சுருள்), அதற்கும் கீழே தரையில் குத்தும் கூரான இரும்புக் கம்பி, பக்கவாட்டில் வானொலிப் பெட்டியிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிளைச் செருகும் இணைப்பான். கால் அலைநீள வெர்டிகலுக்கு வேண்டிய நீளத்தை மீட்டரில் அறிய, 71.5 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் வகுத்தால் போதும். பேண்டின் பெயரில் உள்ள மீட்டர் அதன் அலைநீளத்தைக் குறிக்கிறது. 20 மீட்டர் பேண்டுக்கு ஏறத்தாழ 5.05 மீட்டர், 17 மீட்டருக்கு 3.95, 15 மீட்டருக்கு 3.37, 12 மீட்டருக்கு 2.87, 10 மீட்டருக்கு 2.51 என்று வருகிறது. இந்த ஐந்து பேண்டுகளிலும் காயிலை இணைப்பில் சேர்க்காமல், விப்பின் நீளத்தை மட்டும் மாற்றினால் முழுமையான கால் அலை ஆன்டெனா கிடைத்துவிடும். அடித்தளத்தின் உலோகப் பகுதியும் இணைப்புக் கம்பியும் இந்த நீளத்தோடு சேர்ந்துகொள்வதால், விப்பை இந்தக் கணக்கைவிடச் சற்றுக் குறைவாகவே நீட்ட வேண்டியிருக்கும்.

நீளத்தைக் குறித்து வைக்க மார்க்கர் பேனா உதவாது. எஃகின் மீது இட்ட குறி, குழாய்கள் உள்ளே போய் வெளியே வரும் உராய்விலேயே அழிந்துவிடும். நான் ஒரு நைலான் கயிற்றில் முடிச்சுகள் போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு நிற நூல்: 20 மீட்டருக்குச் சிவப்பு, 17 மீட்டருக்கு மஞ்சள், 15 மீட்டருக்கு நீலம், இப்படியே மற்றவைக்கும். விப்பைப் படுக்கவைத்து, கயிற்றின் முனையை அடிப்பகுதியில் வைத்துப் பிடித்து, நுனி உரிய முடிச்சுக்கு வரும்வரை நீட்டிய பிறகே தூக்கி நிறுத்துவேன். நீட்டும்போது நுனியைப் பிடித்து இழுக்காமல், ஒவ்வொரு குழாயையும் அதன் மூட்டுக்கு அருகில் பிடித்து இழுக்க வேண்டும். மேல் குழாய்கள் மிக மெல்லியவை, ஒருமுறை வளைந்தால் பிறகு உள்ளே போகாது.

இனி தரைக்கு வருவோம். இருமுனை ஆன்டெனாவில் மின்னோட்டம் ஒரு கையிலிருந்து மறு கைக்குச் செல்கிறது. வெர்டிகலில் ஒரு கைதான் கண்ணுக்குத் தெரிகிறது. மறு கையின் வேலையைத் தரை செய்ய வேண்டும். விப்பில் மேலே செல்லும் மின்னோட்டத்துக்கு ஈடான மின்னோட்டம் தரை வழியாகத் திரும்பி வந்தாக வேண்டும். மண் நல்ல கடத்தி அல்ல என்பதால், நாம் அனுப்பும் ஆற்றலில் ஒரு பகுதி அந்தத் திரும்பும் வழியில் மண்ணைச் சூடாக்குவதிலேயே தீர்ந்துபோகிறது. அடிப்பகுதியிலிருந்து சக்கரத்தின் ஆரங்களாக விரியும் ரேடியல் கம்பிகள் அந்த மின்னோட்டத்துக்குச் செப்பில் ஒரு வழி அமைத்துக் கொடுக்கின்றன.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி அல்ல. பிரவுன், லூயிஸ், எப்ஸ்டைன் என்ற மூன்று பொறியாளர்கள் இரண்டு கம்பிகளில் தொடங்கி 113 கம்பிகள் வரை புதைத்து அளந்து, 1937ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரைதான் இதற்கு அடித்தளம். அமெரிக்க மத்திய அலை வானொலி நிலையங்கள் கோபுரத்தைச் சுற்றி 120 கம்பிகள் புதைக்கும் வழக்கம் அந்த அளவீடுகளைப் பின்பற்றி வந்ததே. 120 கம்பிகளைத் தோளில் சுமந்துகொண்டு நாம் கடற்கரைக்குப் போக முடியாது. அது தேவையும் இல்லை. பிற்காலத்தில் ரூடி செவர்ன்ஸ் என்ற ஹாம் நிதானமாகச் செய்து வெளியிட்ட அளவீடுகள் நம்மைப் போன்றோருக்கு மிகவும் பயன்படுகின்றன. தரையில் கிடக்கும் ரேடியல்களின் எண்ணிக்கை பதினாறை எட்டும்வரை நல்ல முன்னேற்றம் தெரிகிறது, அதன் பிறகு சேர்க்கும் ஒவ்வொரு கம்பிக்கும் கிடைக்கும் பலன் குறைந்துகொண்டே போகிறது. கையில் இருக்கும் கம்பியின் மொத்த நீளம் குறைவு என்றால், அதை நான்கு நீண்ட கம்பிகளாக வெட்டுவதைவிடப் பல குட்டையான கம்பிகளாக வெட்டுவது நல்லது. மண்ணின் மீது கிடக்கும் கம்பியின் ஒத்ததிர்வு (அது இயல்பாக அதிரும் அதிர்வெண்) மண்ணாலேயே மாறிவிடுவதால், அதைக் கால் அலைநீளத்துக்குத் துல்லியமாக வெட்டவேண்டிய கட்டாயமும் இல்லை. பல பேண்டுகளில் இயங்க விரும்புவோருக்கு இது பெரிய வசதி.

நான் வைத்திருப்பவை மூன்று மீட்டர் நீளமுள்ள பதினாறு கம்பிகள். மொத்தம் 48 மீட்டர். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் பதினாறு இழை ரிப்பன் கேபிளை மூன்று மீட்டர் வாங்கி, முதல் ஒரு சாண் நீளத்தை மட்டும் ஒட்டியபடியே விட்டுவிட்டு மீதியை இழை இழையாகப் பிரித்துவிட்டேன். ஒட்டியிருக்கும் முனையில் எல்லாச் செப்பையும் சீவி, ஒன்றாக முறுக்கி, ஒரு வளைய லக்கில் ஈயம் வைத்தாகிவிட்டது. ஒரே போல்ட்டில் பதினாறு ரேடியல்களும் இணைந்துவிடும். சுருட்டும்போது சிக்கல் விழாமல் இருக்க, நான்கு நான்காகப் பிடித்து ஓர் அட்டையில் சுற்றி வைப்பது என் வழக்கம். இழைகள் மெல்லியவைதான், ஆனால் மின்னோட்டம் பதினாறாகப் பிரிந்து செல்வதால் 10 வாட், 20 வாட் ஆற்றலுக்கு இது தாராளமாகத் தாங்கும்.

எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைப் பற்றி இங்கே ஒரு செய்தியை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். ஆன்டெனா கேபிளோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் காட்டும் எண் அது; 1 என்றால் முழுப் பொருத்தம். குறையே இல்லாத தரையின் மீது நிற்கும் கால் அலை வெர்டிகலின் ஊட்டுமுனையில், அதாவது கேபிள் ஆன்டெனாவோடு சேரும் இடத்தில், ஏறத்தாழ 36 ஓம் இருக்கும். அதை 50 ஓம் கேபிளில் இணைத்தால் எஸ்.டபிள்யூ.ஆர். 1.4 காட்டும். இரண்டே இரண்டு ரேடியல்களை மட்டும் விரித்துப் பாருங்கள். மண்ணின் இழப்பு பதினான்கு பதினைந்து ஓம் சேர்ந்துகொள்ள, மொத்தம் ஐம்பதை நெருங்கி மீட்டர் அழகாக 1.1 காட்டக்கூடும். இந்த 1.1ஐப் பார்த்து மகிழ்பவர், தன் ஆற்றலில் பத்தில் மூன்று பங்கு மண்ணுக்குப் போவதை அறியமாட்டார். ரேடியல்களைக் கூட்டக் கூட்ட எஸ்.டபிள்யூ.ஆர். 1.1லிருந்து 1.3ஐ நோக்கி ஏறினால் கவலைப்பட வேண்டாம். ஆன்டெனா நன்றாகிக்கொண்டு வருகிறது என்பதே அதன் பொருள். நானோவிஎன்ஏ போன்ற சிறிய அளவி கையில் இருந்தால், எஸ்.டபிள்யூ.ஆர். கோட்டைவிட ஒத்ததிர்வுப் புள்ளியில் ஓம் எவ்வளவு என்பதைப் பார்ப்பதே பயனுள்ளது. ஒவ்வொரு நான்கு கம்பிக்கும் ஒருமுறை அந்த எண் இறங்குவதைப் பார்த்தால், தரையில் நடப்பது கண்ணெதிரே விளங்கும்.

40 மீட்டர் பேண்டில் இந்த உண்மை இன்னும் கடுமையாக உறைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் பத்து மீட்டர். நம் விப் அதில் பாதிதான். மீதியை ஈடுகட்ட அடியில் ஒன்பது முதல் பத்து மைக்ரோஹென்றி காயில் வேண்டும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிவிசி குழாயின் மீது, நான்கு சென்டிமீட்டர் நீளத்தில் பதினாறு சுற்று எனாமல் பூசிய செப்புக் கம்பியைச் சுற்றினால் அந்த அளவு வந்துவிடுகிறது. சுற்றுகளுக்கு இடையே சீரான இடைவெளி விட, கம்பியோடு ஒரு நைலான் நூலையும் சேர்த்துச் சுற்றி, முடிந்ததும் நூலை உருவிவிடலாம். கடைசி நான்கு சுற்றுகளில் ஆங்காங்கே எனாமலைச் சுரண்டி ஈயம் வைத்துக்கொண்டால், முதலை க்ளிப்பைக் கொண்டு அளவைச் சரிசெய்யலாம். காயிலைச் செய்வது எளிது. ஆனால் இந்தக் குட்டை விப்பின் கதிர்வீச்சுத் தடை (கதிராக வெளியேறும் ஆற்றலைக் குறிக்கும் ஓம்) ஆறு ஏழு ஓம் அளவுக்கு விழுந்துவிடுகிறது என்பதை மறக்கக் கூடாது. காயிலின் இழப்பு இரண்டு ஓம், மண்ணின் இழப்பு பதினைந்து ஓம் என்று வைத்துக்கொண்டால், கதிராக வெளியேறுவது ஆற்றலில் கால் பங்கைச் சற்றே தாண்டும். 20 மீட்டரில் பெரிதாகத் தெரியாத அதே பதினைந்து ஓம், 40 மீட்டரில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கப் பார்க்கிறது. பதினாறு ரேடியல்களால் மண்ணின் இழப்பை ஆறு ஓமுக்குக் கொண்டுவர முடிந்தால் திறன் பாதியை நெருங்கும். அப்போது மொத்தம் பதினைந்து ஓம் அளவுக்கு இறங்குவதால் எஸ்.டபிள்யூ.ஆர். மூன்றைத் தாண்டும். அதைச் சரிசெய்ய ரேடியல்களைக் குறைக்காமல், ஊட்டுமுனைக்கும் ரேடியல்களுக்கும் குறுக்கே 0.7 மைக்ரோஹென்றி அளவுள்ள சிறு காயில் ஒன்றை இணைத்து, பெரிய காயிலில் க்ளிப்பைச் சற்று நகர்த்தினால் 50 ஓமுக்கு வந்துவிடும். இந்தச் சிறு காயிலுக்கு இரண்டரை சென்டிமீட்டர் விட்டத்தில், இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் ஆறு சுற்று போதுமானது.

குட்டையான ஆன்டெனா 40 மீட்டர் பேண்ட் முழுவதும் எந்தத் திருத்தமும் இன்றி நல்ல எஸ்.டபிள்யூ.ஆர். காட்டுகிறது என்று யாராவது விளம்பரம் செய்தால், அந்த அகலம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் அது இழப்பிலிருந்து வந்திருக்கும்.

கோஆக்ஸ் கேபிளின் வெளிச்சடையும் தரையில் கிடக்கும் ஒரு கம்பிதான். நாம் தடுக்காவிட்டால் அதுவும் ஒரு ரேடியலாகிவிடும், மின்னோட்டம் வானொலிப் பெட்டிவரை வந்து சேரும். பெட்டியைத் தொட்டாலோ கேபிளை இடம் மாற்றினாலோ எஸ்.டபிள்யூ.ஆர். மாறினால் அதுவே காரணம். 43 என்ற கலவை எண்ணுள்ள பெரிய ஃபெரைட் வளையத்தில் மெல்லிய கோஆக்ஸைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றி, ஊட்டுமுனைக்கு அருகிலேயே வைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது.

பாறை நிலத்தில் இந்த அமைப்பு அப்படியே செல்லாது. ஏற்காட்டைப் போன்ற மலைகளில் ஒரு சாண் மண்ணுக்குக் கீழே பாறையோ செம்பாறாங்கல்லோ இடிக்கும். குத்துக்கம்பி இறங்காது, இறங்கினாலும் அந்தத் தரை மிக மோசமான கடத்தி. அங்கே தரையை நம்புவதை விட்டுவிட்டு, ஆன்டெனாவை ஒரு முக்காலியில் ஒரு மீட்டருக்குக் குறையாத உயரத்தில் தூக்கி வைத்து, எதிரெதிராக இரண்டு அல்லது சுற்றிலும் நான்கு ரேடியல்களைக் காற்றில் கட்டுவது நல்லது. உயர்த்திக் கட்டிய ரேடியலைக் கால் அலைநீளத்துக்குச் சரியாக வெட்டியாக வேண்டும், ஏனென்றால் இப்போது அது உண்மையாகவே ஒத்ததிர்கிறது. ஒவ்வொரு ரேடியலையும் 10, 15, 17, 20 மீட்டர் பேண்டுகளுக்கான இடங்களில் துண்டித்து, புல்லட் கனெக்டர்களால் இணைத்தும் பிரித்தும் பேண்டை மாற்றிக்கொள்கிறேன். ரேடியலின் நுனியில் உயர் மின்னழுத்தம் இருக்கும். 100 வாட் அனுப்பும்போது தொட்டால் தோல் வெந்துவிடும். சுற்றுலாப் பயணிகளும் குழந்தைகளும் நடமாடும் இடத்தில் இந்த முறையைத் தவிர்த்துவிடுவேன்.

கடற்கரைதான் வெர்டிகலின் சொந்த இடம். உலர்ந்த மணலைவிடக் கடல்நீர் ஆயிரம் மடங்குக்கும் மேல் நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறது. இதனால் கிடைக்கும் பெரிய பலன் ஊட்டுமுனையில் அல்ல, தொலைவில் கிடைக்கிறது. வெர்டிகல் தொடுவானத்தை ஒட்டி அனுப்பும் அலையோடு, முன்னால் உள்ள தரையில் பட்டுத் தெறிக்கும் அலையும் சேர்ந்தே கதிர் உருவாகிறது. சாதாரண மண்ணின் மீது தாழ்ந்த கோணங்களில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கடல்நீரின் மீது ஒன்றுக்கொன்று வலு சேர்க்கின்றன. பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்ட வேண்டுமானால் ஐந்து, பத்து டிகிரித் தாழ்கோணம்தான் முக்கியம். 1990களின் பிற்பகுதியில் டீம் வெர்டிகல் என்ற குழு ஜமைக்காவின் கடற்கரையில் வெறும் வெர்டிகல்களை நீரோரத்தில் நிறுத்தி உலகப் போட்டிகளில் சாதனை படைத்ததற்கு இதுவே காரணம்.

ஆனால் கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். சோழமண்டலக் கரையில் நமக்குக் கடல் கிழக்கே இருக்கிறது. ஆகவே கோவளத்திலோ மரக்காணத்திலோ நீரோரத்தில் நிறுத்தினால் ஜப்பான், தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா ஆகிய திசைகளுக்கே அந்தக் கூடுதல் பலம் கிடைக்கும். ஐரோப்பா வடமேற்கே, நம் முதுகுப்புறத்தில், நிலத்தைத் தாண்டி இருக்கிறது. ஆப்பிரிக்காவையும் தென் அமெரிக்காவையும் கடல் வழியாகப் பார்க்க வேண்டுமானால் குளச்சல், முட்டம் போன்ற குமரி மாவட்ட மேற்குக் கரைக்குத்தான் போக வேண்டும். வெளிநாட்டு வலைப்பதிவுகளில் கடற்கரை என்ற சொல்லைப் படித்துவிட்டு எல்லாத் திசையிலும் அற்புதத்தை எதிர்பார்ப்பவர்களுக்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

நீரோரம் என்று நான் சொல்வது ஈர மணலை. அலை தொட்டுச் செல்லும் கோட்டுக்குச் சற்று மேலே குத்துக்கம்பியை இறக்கி, ரேடியல்களில் சிலவற்றைக் கடலை நோக்கி ஈரத்திலேயே கிடத்துகிறேன். அங்கிருந்து முப்பது நாற்பது மீட்டர் பின்னால், காய்ந்த வெள்ளை மணலில் நிறுத்தினால் கடற்கரைக்கு வந்த பலனில் பெரும்பகுதி போய்விடும்; காய்ந்த மணல் மிக மோசமான தரைகளில் ஒன்று. பிற்பகலில் கடற்காற்று வலுத்துவிடுவதால், விப்பில் இரண்டு மீட்டர் உயரத்தில் மூன்று நைலான் கயிறுகளைக் கட்டி, மணல் நிரப்பிய பைகளில் முடிந்து புதைத்துவிடுவேன். முளைக்குச்சி ஈர மணலில் நிற்பதில்லை.

ஒருநாள் வலை பின்னிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் எழுந்து வந்து, “தம்பி, இதுல புயல் சேதி வருமா?” என்று கேட்டார். இது மற்ற ஹாம்களோடு பேசுவதற்கான வானொலி என்றும், புயல் நேரத்தில் போன் கோபுரங்கள் விழுந்தால் இப்படிப்பட்ட பெட்டிகள் செய்தி கொண்டுபோகும் என்றும் விளக்கினேன். 2004 டிசம்பரில் சுனாமி தாக்கியபோது, அந்தமானில் அமெச்சூர் வானொலி நிகழ்வுக்காகச் சென்றிருந்த பாரதி பிரசாத் போர்ட் பிளேயரிலிருந்து வியூ4ஆர்பிஐ (VU4RBI) என்ற அழைப்புக்குறியில் செய்திகளை அனுப்பிய வரலாற்றையும் சொன்னேன். அவர் சிறிது நேரம் நின்று கேட்டுவிட்டு, “அந்த கம்பிய இன்னும் கொஞ்சம் மேல நட்டுக்க, சாயங்காலம் தண்ணி ஏறும்” என்று காட்டிவிட்டுப் போனார். அவர் காட்டிய இடம் சரியாக இருந்தது.

எல்லாவற்றுக்கும் வெர்டிகலே போதும் என்று நான் சொல்லவில்லை. நம் ஊர் ஹாம்கள் பகலில் 40 மீட்டரில் சென்னை, மதுரை, பெங்களூரு, ஐதராபாத் என்று பேசிக்கொள்கிறார்களே, அந்தப் பேச்சுக்கு அலை ஏறத்தாழ நேர் மேலே சென்று அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்ப வேண்டும். வெர்டிகல் நேர் மேலே எதையும் அனுப்புவதில்லை; அதன் கதிர்வீச்சில் உச்சி வெறுமையானது. காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நம் பகுதியில் பகல் நேர அயனி மண்டலம் அடர்த்தியாக இருப்பதால், தாழ்வாகக் கட்டிய ஒரு தலைகீழ் ‘வி’ ஆன்டெனா (நடுவில் உயர்த்தி இரு முனைகளையும் தாழ்த்திக் கட்டும் இருமுனைக் கம்பி) இந்த வேலையை வெர்டிகலைவிட மிக நன்றாகச் செய்யும். பேரிடர்ப் பயிற்சிக்கு மாவட்டங்களுக்கு இடையே தொடர்பு வேண்டும் என்றால், வெர்டிகலை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பத்து மீட்டர் நீளத்தில் இரண்டு கம்பிகளும் ஒரு ஃபைபர் தூண்டில் கழியும் பையில் கூடுதல் எடையே அல்ல.

பாதுகாப்பைப் பற்றிச் சில வார்த்தைகள். மேலே மின்கம்பி செல்லும் இடத்தில் விப்பைத் தூக்கவே கூடாது. விப் எந்தத் திசையில் சாய்ந்தாலும் அதன் உயரத்தைப் போல இரு மடங்கு இடைவெளி இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இடியோசை கேட்ட உடனே கழற்றிவிட வேண்டும். உரிமத்தில் குறிக்கப்பட்ட இடத்துக்கு வெளியே இயக்குவதற்கான நிபந்தனைகளைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். உரிமத்தின் நகலைப் பையில் வையுங்கள். கடலோரம் என்றால் பக்கத்துக் காவல் நிலையத்தில் முன்பே தகவல் சொல்லிவிடுவது எல்லோருக்கும் நல்லது. கரையில் நீண்ட கம்பியும் பெட்டியுமாக அமர்ந்திருப்பவரைக் காவலர்கள் விசாரிப்பது அவர்கள் கடமை.

கழற்றும்போது ஒவ்வொரு குழாயையும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். ஒரு மணல்துகள் மூட்டுக்குள் போனாலே குழாய் இறுகிக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் விப்பை மீண்டும் நீட்டி, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உலரவிட்டு வைக்க வேண்டும். எஃகு தப்பித்தாலும், இணைப்பானில் இருக்கும் பித்தளையும் ரேடியலின் செப்பும் உப்புக்காற்றில் பச்சை பூத்துவிடும்.

ஒரு மாற்றம் உண்மையிலேயே பலன் தந்ததா என்பதை அறிய, யாரோ ஒருவர் தந்த சிக்னல் அறிக்கையை நம்பிப் பயனில்லை. அயனி மண்டலத்தின் ஏற்ற இறக்கமே சில நிமிடங்களில் பத்து டெசிபலைத் தாண்டும். இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லர் 2008இல் உருவாக்கிய டபிள்யூஎஸ்பிஆர் என்ற முறையே நான் பயன்படுத்தும் அளவுகோல். மிகக் குறைந்த ஆற்றலில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு சிறு செய்தியை அனுப்பினால், உலகெங்கும் உள்ள நிலையங்கள் அதைக் கேட்டு எத்தனை டெசிபல் என்று இணையத்தில் பதிவு செய்கின்றன. நான்கு ரேடியல்களோடு ஒருமுறை, பதினாறோடு அடுத்த முறை என்று மாற்றி மாற்றி ஒரு மாலை முழுவதும் அனுப்பி, ஒரே நிலையம் தந்த எண்களை மட்டும் சேர்த்துச் சராசரி எடுத்தேன். 20 மீட்டரில், உள்நாட்டுச் செம்மண் தரையில், எனக்குக் கிடைத்த வேறுபாடு இரண்டு டெசிபலை ஒட்டி இருந்தது. 10 வாட் பெட்டியை 16 வாட் பெட்டியாக மாற்றியதற்கு அது சமம். அடுத்து இதே சோதனையை 40 மீட்டரிலும் செய்யப் போகிறேன். அங்கே வேறுபாடு இதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. எண்கள் கிடைத்ததும் காயிலின் சுற்று விவரத்தோடு சேர்த்து இங்கே பதிவிடுகிறேன்.